மலைக் காற்றின் மேல் பழி போடாதீர்கள்

கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லட், ஈ.பி. 91 மொடல். அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தில் வாங்கிய கார். போன வருடம் கினிகத்தேனை ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணீர் வற்றி, எஞ்சின் சூடேறி, ஹெட் வளைந்து, பிளொக்கும் வெடித்துவிட்டது. நான்கு மாதம் கார் லயத்துக்குப் பின்னால் மழையில் நின்றது. அப்புறம் கடன் வாங்கி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு ரீகண்டிஷன் எஞ்சின் எடுத்து, ஹட்டனில் ஒரு கராஜில் பூட்டியிருக்கிறார், அங்கே வேலை செய்பவர் ஒரு மெக்கானிக் பாஸ். பழையது 4ஈ எஞ்சின், 1,331 சீ.சீ. இப்போது இருப்பது 5ஈ, 1,497 சீ.சீ. “ரெண்டும் ஒரே குடும்பம், அப்படியே உட்காரும். பழைய வயரிங்கும் பழைய கம்பியூட்டர் பொக்ஸும் போதும்” என்று பாஸ் சொன்னாராம்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங்கும் மோசமில்லை. ஆனால் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால் ஒரு கணம் இழுவை செத்து, பிறகு ‘கிளுக் கிளுக்’ என்று சத்தம் வருகிறது. செக் எஞ்சின் லைட் எரிகிறது. கனெக்டரில் வயர் துண்டைப் போட்டுப் பார்த்தபோது இரண்டு தடவை, இடைவெளி விட்டு ஐந்து தடவை மின்னியிருக்கிறது. அதாவது கோட் 25, ‘லீன்’ (பெற்றோலுக்குக் காற்று அதிகம்) என்று அர்த்தம். பாஸ் 18,000 ரூபாய்க்கு ஒக்சிஜன் சென்சரை மாற்றினார். இரண்டு நாளில் லைட் மறுபடி எரிந்தது. இப்போது, “இது மலை, காத்து ஐதா இருக்கும், அதுதான் லீன் காட்டுது, இனி ஈ.சி.யு.தான் மாத்தணும்” என்று 45,000 கேட்கிறார் (அந்தக் கம்பியூட்டர் பொக்ஸைத்தான் ஈ.சி.யு. என்கிறார்). 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் சத்தம் கொஞ்சம் குறைகிறது. மலைக் காற்றுதான் காரணமா, ஈ.சி.யு. வாங்கலாமா, எஞ்சினைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று மூன்று கேள்விகள். கூடவே ஒரு கவலை: மாதம் ஒருமுறை அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போக இந்தக் காரைத்தான் நம்பியிருக்கிறார்.

தம்பி, இவ்வளவு நீளக் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் ஒன்றுதான் என் கண்ணில் முதலில் பட்டது. கார் நான்கு மாதம் மழையில் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் காற்றைப் பார்த்துவிடுவோம்.

மலைக்கும் லீனுக்கும் உள்ள சம்பந்தம்

ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். கொழும்போடு பார்த்தால் இங்கே காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. அதுவரை உங்கள் பாஸ் சொன்னது சரி. அதற்கு மேல் சொன்னதுதான் தலைகீழ். காற்று குறைந்து பெற்றோல் குறையாவிட்டால் கலவை லீன் ஆகாது, ரிச் ஆகும், அதாவது பெற்றோல் கூடிப்போகும். கார்பரேட்டர் வண்டிகளில் இதை நேரிலேயே பார்க்கலாம். கொழும்பில் டியூன் பண்ணிய பழைய மொரிஸ் மைனர் நுவரெலியா வந்ததும் கரும்புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். இங்கே ஜெட்டைக் குறைத்து டியூன் பண்ணிய வண்டி அவிசாவளைக்கு இறங்கினால்தான் லீன் ஆகும்.

உங்கள் ஸ்டார்லட்டில் கார்பரேட்டரும் இல்லை. காற்று உள்ளே போகும் இன்டேக் மெனிஃபோல்டின் அழுத்தத்தை ஒரு வெக்குவம் சென்சர் அளந்து ஈ.சி.யு.வுக்குச் சொல்கிறது. அது அளப்பது முழு அழுத்தத்தை. அதனால் கொட்டகலையில் காற்று எவ்வளவு என்று அதற்குத் தெரியும், அதற்கேற்றபடிதான் பெற்றோலும் போகும். இன்னொன்று: காற்று குறைந்த இடத்தில் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு, ஆகவே நொக்கிங் (அந்தக் கிளுக் சத்தம்) குறையவேண்டும். இங்கேயே உங்கள் எஞ்சின் கிளுக்குகிறது என்றால், கித்துல்கலையில் மிதித்தால் இன்னும் மோசமாக இருக்கும். ஒருதரம் கவனித்துப் பாருங்கள்.

உயரம் ஏமாற்றும் இடம் வேறு. வெக்குவம் கேஜ் ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறைத்துக் காட்டும். கொழும்பில் 18, 19 அங்குலம் காட்டும் நல்ல எஞ்சின் ஹட்டனில் 14, 15தான் காட்டும். கொழும்பிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் இதைப் பார்த்து, நல்ல எஞ்சினுக்கு ரிங் போய்விட்டது என்று சொல்லிக் கழற்ற வைத்ததை நான் கண்டிருக்கிறேன். கம்பிரெஷன் டெஸ்டிலும் எண்கள் இதேபோல இறங்கும். உங்கள் எஞ்சினை யாராவது அளந்து பயமுறுத்தினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே லீன்தானா?

ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று, நிறைக் கணக்கில். காற்று அதைவிடக் கூடினால் லீன். ஆனால் 25 என்ற கோட் சொல்வது அதை அல்ல. ‘சைலன்சர் குழாயில் ஒக்சிஜன் மிச்சம் இருக்கிறது’ என்பதை மட்டுமே அது சொல்கிறது. சென்சர் தான் கண்டதைச் சொன்னது. எய்தவன் இருக்க அம்பை நோவதுபோல அதையே கழற்றி மாற்றிவிட்டார்கள். மாற்றுவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எஞ்சின் சூடான பிறகு சென்சர் வயரில் மீட்டரை வைத்தால் 0.1க்கும் 0.9க்கும் இடையில் வோல்ட் ஆடவேண்டும். 0.1லேயே கிடந்தால், இன்டேக்கில் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடியுங்கள். உடனே 0.8, 0.9க்குத் தாவினால் சென்சர் நல்லது, செய்தி உண்மை.

ஒக்சிஜன் மிஞ்சுவதற்கு லீன் மட்டும் காரணமல்ல. எஞ்சின் மாற்றும்போது புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டின் பழைய கேஸ்கட்டையே திருப்பிப் போடுவது இங்கே சாதாரணம். அங்கே சின்னக் கசிவு இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சென்சர் அதை லீன் என்று படிக்கும், ஈ.சி.யு. பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகும். கடைசியில் வண்டி ரிச், கோட் மட்டும் லீன். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஒருவர் சைலன்சர் வாயை ஈரத் துணியால் கொஞ்சம் அடைக்க, மற்றவர் பொனட்டுக்குள் காது கொடுங்கள். ‘ச்ச்ச்’ என்று கேட்கும் இடத்தில் கறுப்புத் தடமும் இருக்கும். அதேபோல ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் தவறினாலும் எரியாத ஒக்சிஜன் அப்படியே வெளியே வந்து லீன் என்று காட்டும். பிளக் வயர்களும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் பழையவையா என்று பாருங்கள்.

கடிதத்தோடு புகைப் பரிசோதனைத் தாளின் படத்தையும் அனுப்பியது நல்ல காரியம். லைசன் எடுக்க மட்டும் அந்தத் தாள் என்று எல்லோரும் மடித்து வைத்துவிடுகிறார்கள். உங்கள் தாளில் சி.ஓ. (கார்பன் மொனொக்சைட்) ஏறக்குறைய பூச்சியம், எச்.சி. (எரியாத பெற்றோல்) மட்டும் எல்லையை ஒட்டி நிற்கிறது. ரிச்சான வண்டியில் சி.ஓ. ஏறியிருக்கும். இது லீனால் அல்லது ஸ்பார்க்கால் எரிவு தவறும் வண்டியின் தாள். நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். நாலும் வெள்ளையாக இருந்தால் கோளாறு எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில்: பம்ப், ஃபில்டர், அழுத்தம், ஈ.சி.யு. ஒன்று மட்டும் வெள்ளை என்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைப்பு, அல்லது அந்த இடத்தில் மெனிஃபோல்ட் கேஸ்கட் கசிவு.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைத் திருத்தவேண்டும். லீன் என்றதும் எல்லா கராஜிலும் வெக்குவம் ஹோஸைத் தேடுவார்கள். நிசானில், காற்றை முன்னாலேயே அளக்கும் சென்சர் இருக்கும் வண்டிகளில், அது முதல் சந்தேகம்தான். உங்கள் வண்டி மெனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது. ஹோஸில் ஓட்டை இருந்தால் அந்தக் காற்றும் கணக்கில் வந்துவிடும், அதனால் பெரும்பாலும் ஐட்லிங்தான் ஏறும். சென்சருக்குப் போகும் ஹோஸே வெடித்திருந்தால் இன்னும் வேடிக்கை, வண்டி ரிச் ஆகும். உங்கள் ஐட்லிங் சரியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஹோஸ்களை ஒருதரம் பார்த்துவிட்டு நகருங்கள், அதிலேயே இரண்டு நாள் செலவழிக்க வேண்டாம்.

கேஜைக் கட்டிக்கொண்டு ஏற்றம் ஏறுங்கள்

ஒரு தாளை எடுத்து, எஞ்சினோடு எது புதிதாக வந்தது, எது பழைய காரிலேயே இருந்தது என்று இரண்டு பக்கமாக எழுதுங்கள். உங்கள் கடிதத்தை வைத்து நானே எழுதிப் பார்த்தேன். பழைய பக்கத்தில் டேங்க், டேங்குக்குள் பம்ப், ஃபில்டர், குழாய், வயரிங், ஈ.சி.யு. எல்லாம் இருக்கின்றன. இன்ஜெக்டர் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பழைய பக்கத்தை இதுவரை ஒருவரும் தொடவே இல்லை.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். கொட்டகலை மழையில் நாலு மாதம் நின்ற காரின் டேங்க் பாதி காலியாக இருந்திருக்கும். மேல்பாதியில் ஈரம் படிந்து துரு பிடிக்கும். அந்தத் துரு பம்பின் அடியில் இருக்கும் வலையில் போய் அடையும். ஐட்லிங்கில் எஞ்சினுக்கு வேண்டிய பெற்றோல் சொற்பம், அதை அடைபட்ட வலையும் கொடுத்துவிடும். ஏற்றத்தில் மிதித்தால்தான் போதாமல் போகும். உங்கள் வண்டியின் குணம் அப்படியே இதுதான்.

கராஜில் நிறுத்தி வைத்து அழுத்தம் பார்த்தால் இது பிடிபடாது. ஃபில்டருக்கும் இன்ஜெக்டர் ரெயிலுக்கும் இடையில் T வடிவ இணைப்புப் போட்டு, பெற்றோல் அழுத்தம் காட்டும் கேஜை இணைத்து, நீள ஹோஸில் பொனட்டின் ஓரத்தால் வெளியே எடுத்து, முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டவேண்டும். கேஜை ஒருபோதும் காருக்குள் கொண்டுவரக் கூடாது. ஹோஸ் கழன்றால் பெற்றோல் மடியில் ஊற்றும். கிளிப்களை இறுக்கி, ஸ்டார்ட் பண்ணி, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். ஓட்டுபவர் ஒருவர், முள்ளைப் பார்ப்பவர் ஒருவர்.

நின்ற இடத்தில் ஐட்லிங்கில் 30க்கும் 37க்கும் இடையில் பீ.எஸ்.ஐ. காட்டவேண்டும். பெற்றோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வெக்குவம் ஹோஸைக் கழற்றினால் 38 முதல் 44. வட்டவளைப் பக்கம் ஏறும்போது முழுக்க மிதித்தால் முள் அந்த 40ஐ ஒட்டி ஏறி நிற்கவேண்டும். அப்படி நிற்காமல் மெதுவாகச் சரிந்து 30க்கு வந்தால், இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெற்றோல் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சின் கிளுக்க அது தாராளம். அப்போது டேங்கை இறக்கிக் கழுவி, வலை, பம்ப், ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். பம்புக்குப் போகும் வோல்ட்டையும் பாருங்கள், பழைய கனெக்டரில் 12க்குப் பதில் 10 வருவது உண்டு. எஞ்சின் எர்த் வயர்களையும் எண்ணிப் பாருங்கள். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் நான் அதிகம் கண்ட பிழை, ஒரு எர்த்தைத் திருப்பிப் பூட்ட மறந்துபோவதுதான்.

இன்னொரு பத்து நிமிட வேலை: டைமிங். கனெக்டரில் அதே வயர் துண்டைப் போட்டுத்தான் டிஸ்ட்ரிபியூட்டரை 10 டிகிரிக்கு வைக்கவேண்டும். போடாமல் வைத்தால் பிழையாகத்தான் உட்காரும். டைமிங் கூடிப்போனாலும் இதே கிளுக் சத்தம் வரும். 95 பெற்றோலில் சத்தம் குறைகிறது என்பதும் இதனால்தான். ஒக்டேன் நொக்கிங்கைத் தாங்கும், கலவையைத் திருத்தாது. காய்ச்சலுக்குப் பனடோல் போட்ட மாதிரி.

ஈ.சி.யு. வாங்குவதா?

அழுத்தம் ஏற்றத்திலும் உறுதியாக நின்றால், அப்போது பாஸ் சொல்வதில் விஷயம் இருக்கிறது. காரணத்தைத்தான் அவர் பிழையாகச் சொல்லியிருக்கிறார். பழைய ஈ.சி.யு. 1,331 சீ.சீ. எஞ்சினுக்குக் கணக்கு எழுதப்பட்டது. இப்போது அதே கணக்கில் 1,497 சீ.சீ.க்குப் பெற்றோல் அளக்கிறது. ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. மெதுவாக ஓடும்போது ஒக்சிஜன் சென்சரைக் கேட்டுக் கேட்டு அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடும். முழுக்க மிதிக்கும்போது ஈ.சி.யு. சென்சரைக் கேட்காது, உள்ளே எழுதியிருக்கும் கணக்கின்படியே போகும். ஏற்றத்தில் மட்டும் தொல்லை கொடுப்பதற்கு இதுவும் பொருந்துகிறது.

பழைய பொக்ஸை வைத்தே இந்த எஞ்சினை ஓட்டுபவர்கள் பலர் உண்டு, பெரிய தொல்லை இல்லாமலும் ஓடுகிறது. கொழும்புத் தட்டை வீதிக்கு அது போதும். கினிகத்தேனையில் நாலு பேரோடு ஏறும் காருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஆகவே வாங்குவதென்றால் 5ஈ எஞ்சினுக்கே உரிய ஈ.சி.யு., அதே எஞ்சினின் இன்ஜெக்டர்கள், கியர்பொக்ஸ் மெனுவலா ஓட்டோவா என்பதற்குப் பொருந்தியது. பிளக் முனைகள் உங்கள் வயரிங்கோடு சேருமா என்று முன்னமே பார்க்கச் சொல்லுங்கள். ‘வேலை செய்யாவிட்டால் ஏழு நாளில் திருப்பி எடுக்கிறேன்’ என்று பில்லில் எழுத்தில் வாங்குங்கள். ‘ஸ்டார்லட் ஈ.சி.யு.’ என்று மட்டும் சொல்லி இன்னொரு 4ஈ பொக்ஸைத் தந்தால் 45,000 ரூபாய்க்கு நீங்கள் அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

மிஞ்சிய பெற்றோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸை நெரித்து அழுத்தத்தை ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பழைய ரப்பர் குழாய் எங்கே வெடிக்கும் என்று சொல்லமுடியாது.

பணமும் பத்திரமும்

எஞ்சினைத் திருப்பிக் கொடுப்பது பற்றி: இதுவரை சொன்ன எதுவும் எஞ்சினின் குறை அல்ல. நாலு சிலிண்டரிலும் கம்பிரெஷன் எடுத்து, ஒன்றுக்கொன்று 14 பீ.எஸ்.ஐ.க்குள் இருந்தால் உங்களுக்கு நல்ல எஞ்சின்தான் கிடைத்திருக்கிறது. கடைக்காரரோடு சண்டை பிடிக்கப் போகாதீர்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் கதை வேறு. ஒரு மாத செக்கிங் வாரண்டி முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வாங்கி ஏழு வாரம்தான் ஆகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, விற்ற பொருளோ கொடுத்த சேவையோ சொன்னபடி இல்லை என்று அதிகார சபையிடம் முறையிட மூன்று மாத அவகாசம் உண்டு. தொலைபேசி 1977. சென்சர் மாற்றிய கராஜுக்கும் இது பொருந்தும், ஆனால் பில் வேண்டும். பில் தரவில்லை என்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள், கழற்றிய பழைய சென்சரையும் கேளுங்கள். நான் சட்டத்தரணி அல்ல, என் அனுபவத்தில் இந்த அளவுப் பிணக்குகள் மத்தியஸ்த சபையில் பேசி முடிவதே அதிகம். ஹட்டன் சின்ன ஊர். அடுத்த முறை வண்டி நின்றாலும் அதே பாஸிடம்தான் போக வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. எஞ்சின் இலக்கமும் சீ.சீ.யும் மாறிவிட்டன, பதிவுப் புத்தகத்தில் இன்னும் பழையதுதான் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தவேண்டும். எஞ்சின் வாங்கிய பில்லும், அது இறக்குமதியான சுங்கப் பத்திரத்தின் பிரதியும் கேட்பார்கள். அந்தப் பிரதி கடைக்காரரிடம்தான் இருக்கும். இன்னும் ஒரு வருடம் கழித்துப் போனால் அவர் தேடித்தருவார் என்பது என்ன நிச்சயம்? இந்த மாதமே எடுத்துவிடுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் எஞ்சின் இலக்கத்தை ஒப்பிடுவார். விற்கப் போனாலும் இதில்தான் இடிக்கும்.

அடுத்த கிளினிக் தேதி

எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. கேஜ் போட்டுப் பார்ப்பதற்கு முன் வந்தால் அம்மாவைக் காரில் கூட்டிப்போக வேண்டாம். நாவலப்பிட்டிக்கு இறங்கும்வரை கார் நன்றாகவே இருக்கும். திரும்பி வரும்போதுதான் கினிகத்தேனை வரை முழுச் சுமையோடு ஏறவேண்டும். லீனாகக் கிளுக்கிக்கொண்டு ஏறும் எஞ்சினில் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழ ஒரு நீண்ட ஏற்றம் போதும். போன வருடம் நின்ற அதே வளைவில், இந்தத் தடவை அம்மாவோடு நிற்கவேண்டிவரும். ஹட்டனிலிருந்து காலை பஸ்ஸில் போய்விடுங்கள். ஊருக்குள் கடை கண்ணிக்கு ஓடுவதென்றால் ஓட்டலாம், ஏற்றத்தில் கியரைக் குறைத்து, பாதிக்கு மேல் மிதிக்காமல்.

கேஜில் வரும் எண்களையும், நாலு பிளக்கையும் வரிசையாக வைத்து எடுத்த படத்தையும் அனுப்பினால், ஈ.சி.யு. வேண்டுமா இல்லையா என்று என்னால் சொல்லமுடியும். பாஸுக்கு 45,000 ரூபாயைக் கொடுப்பதை அதுவரை தள்ளிவையுங்கள்.